மணிக்குரல் கொண்ட பீரங்கி

மாசிப் பௌர்ணமியன்று மாலை, மேற்கே பனங்காட்டுக்குப் பின்னால் கதிரவன் செந்தழலாய் அமிழ்ந்துகொண்டிருந்த அதே வேளையில், கிழக்கே கடலின் விளிம்பிலிருந்து முழுமதி மேலெழத் தொடங்கியது. கருவாறு கடலோடு கலக்கும் அந்தக் கழிமுகத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு, ஆற்றின் ஒரு பாதியில் குருதி ஓடுவது போலவும் மறுபாதியில் வெள்ளியை உருக்கி ஊற்றியது போலவும் தோன்றியிருக்கும். அலையாத்திக் காட்டில் அடைந்த நாரைகள் ஓசை அடங்கிவிட்டன. துறைக்கு வெளியே மூன்று பரங்கிக் கப்பல்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு, பிணம் விழக் காத்திருக்கும் கழுகுகளைப் போல அசையாமல் நின்றன.

சங்குமுனைக் கோட்டையின் கீழைக் கொத்தளத்தில் அந்த மாலையில் புதிதாய் ஒன்று வீற்றிருந்தது. பன்னிரண்டு முழ நீளமுள்ள பீரங்கி. எழுந்துவந்த முழுநிலவின் ஒளி அதன் முதுகில் வழுக்கி ஓடியது.

வாசகர்களே! சங்குமுனை பெரிய நாடன்று. நாற்பது ஊர்களும் ஒரு துறைமுகமும்தான் அதன் செல்வம். ஆனால் அதை ஆண்ட சேதிராயர் குலத்தார் பேரரசர்களுக்குத் திறை கட்டிய காலத்திலும் தலையைத் தாழ்த்தாதவர்கள். சொன்ன சொல்லுக்காகச் சொத்தை இழந்தவர்கள் அந்தக் குலத்தில் பலர். சொத்துக்காகச் சொல்லை இழந்தவர் ஒருவரும் இல்லை.

ஆற்றின் வடகரையில் நெடுவயல். அதை ஆண்ட மழவராயர்களுக்கும் இவர்களுக்கும் மூன்று தலைமுறைப் பகை. எந்தக் கரையில் பீரங்கி முதலில் ஏறுகிறதோ அந்தக் கரை மற்றதை விழுங்கிவிடும் என்பது இரு கரையாருக்கும் தெரிந்தே இருந்தது. இந்த அச்சத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டு வந்து சேர்ந்தது ஒரு பரங்கிக் கும்பினி. தொழிற்சாலை கட்ட முதல் முழுவதையும் தாங்களே போடுவதாகவும், பீரங்கி வார்த்துத் தருவதோடு உள்ளூர் வெண்கலத் தொழிலாளரான கன்னார் பன்னிரண்டு பேருக்கு அந்தத் தொழிலைக் கற்பித்துத் தருவதாகவும் அவர்கள் கூறினார்கள். அதற்கு ஈடாகத் துறைமுகத்துச் சுங்கத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு எடுத்துக்கொள்ளக் கேட்டார்கள். அப்போது ஆண்ட பெரிய சேதிராயர் ஒப்புக்கொண்டு செப்பேட்டில் மூன்று ஷரத்துகள் எழுதுவித்தார்.

முதல் ஷரத்து அவர் தம் குலப்பெருமையால் எழுதியது. புதுக் குதிரையானாலும் புது மரக்கலமானாலும் அதன் முதுகில் சேதிராயர் ஒருவர் இடக்கையை வைத்து வாழ்த்திய பிறகே அது சங்குமுனைக்குரியதாகும். ஆகவே அந்தக் குலத்தில் பிறந்தவரோ மணம் புரிந்து வந்தவரோ ஒருவர் இடக்கையைப் பீரங்கியின் முதுகில் வைத்து, வலக்கையால் முதல் திரி வைக்க வேண்டும். பீரங்கி வார்த்து முடிந்த பின் வரும் மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் உச்சிக்குள் அது நடவாவிட்டால் சேதிராயர் சொல் தவறியவர் ஆவார். துறை கும்பினிக்குப் போய்விடும். இரண்டாவது, முதல் வெடியிலேயே பீரங்கி பழுதுபட்டால் போட்ட முதல் எல்லாம் கும்பினியின் நட்டம். அவர்கள் கரையை விட்டு நீங்க வேண்டும். மூன்றாவது ஷரத்தைக் கும்பினியார் கேட்டு எழுதிக்கொண்டார்கள். சேதிராயர் குலத்தில் ஆண்வாரிசு இன்றிப் போனால், துறையையும் கோட்டையையும் கும்பினியே பாதுகாத்து வரும். எவ்வளவு அன்பான ஷரத்து என்று அன்றைக்கு எல்லோரும் எண்ணினார்கள்.

பெரியவர் காலமானார். அவருடைய ஒரே மகன் வரகுணச் சேதிராயர் இருபத்தாறாம் வயதில் பட்டத்துக்கு வந்தார். பரங்கியர் தொழில் கற்பித்தார்களா என்றால், கற்பித்தார்கள். களிமண் பிசையக் கற்பித்தார்கள். துருத்தி ஊதக் கற்பித்தார்கள். செம்பும் வெள்ளீயமும் நிறுத்துச் சேர்க்கும் அறைக்குள் மட்டும் ஒரு கன்னானையும் அவர்கள் அனுமதிக்கவில்லை.

உலை கொதித்த நாளில் இராஜமாதா பெருந்தேவியார் பல்லக்கில் வந்து இறங்கினார். தெய்வத் திருமேனி வார்க்கும்போதும் கோயில் மணி வார்க்கும்போதும் வீட்டிலுள்ள நல்ல பொருள்களை உலையில் இடுவது நம்மவர் வழக்கம். விரிசல் கண்டிருந்த குலதெய்வக் கோயிலின் பெரிய மணியையும் அரண்மனை வெண்கலப் பாத்திரங்கள் அனைத்தையும் அவர் உலையில் இடச் செய்தார். பரங்கி வார்ப்பாசான் கைகட்டி நின்று பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு அச்சை உடைத்தபோது, தலைமைக் கன்னார் சுத்தியால் மெல்லத் தட்டினார். கணீரென்று எழுந்த நாதம் நெடுநேரம் ஓயவில்லை. “நம் அம்மன் குரல்!” என்று ஊரே கைகூப்பியது.

அந்தப் பீரங்கிக்கு மறுநாள் முதல் திரி.

கொத்தளத்துக் காவலர் இருவர் அதன் சக்கரத்தில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

“டேய் கொம்பையா, நாளைக்கு இது போடுற சத்தத்துல மழவராயன் கட்டில்லேருந்து உருண்டு விழுவானாடா?”

“விழுந்தா என்ன? அடிபடாது. கட்டில் கால் நாலையும் எப்பவோ பரங்கிகிட்ட அடகு வச்சுட்டானாம்!”

“மெதுவாச் சிரி. நம்ம கட்டில் காலை எண்ணிப் பார்த்தியா நீ?”

படிகளில் காலடி கேட்கவே இருவரும் துள்ளி நிமிர்ந்தார்கள். வரகுணர் தனியாக வந்தார். காவலர்களைக் கீழே அனுப்பிவிட்டுப் பீரங்கியின் முதுகில் வலக்கையை ஊன்றி நின்றார். அவருக்குப் பின்னால் சுவரின் நிழல் அசைந்தது.

“யாரது?”

நிழலிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். முகமெல்லாம் கரி, இடுப்பில் வெறும் கூடை. வார்ப்புச் சாலையில் மூன்று மாதமாகக் கரி சுமப்பவள். செல்லி என்று அழைப்பார்கள். சாலையைப் பார்வையிடச் சென்ற நாள்களில் வரகுணர் அவளைக் கண்டிருக்கிறார். எவ்வளவு பாரம் ஏற்றினாலும் வளையாத அந்த முதுகும், அரசர் கொடுத்த காசை வாங்க மறுத்த அந்தக் கண்களும் அவர் நினைவை விட்டு அகலவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுவதில் தவறில்லை.

“செல்லி! கொத்தளத்தில் கரிக்கு என்ன வேலை?”

“கரி கொண்டு வரலை மகாராசா. இதைக் கொண்டு வந்தேன்.” மடியை அவிழ்த்து இரண்டு உலோகத் துண்டுகளை அவள் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். இரண்டும் விரல் அளவு. இரண்டும் நடுவில் உடைந்தவை. “உலையைத் திறக்கிறதுக்கு முன்னாடி வார்ப்பாசான் ஒரு கரண்டி எடுத்து ஊத்தி, ஆறவச்சு, சுத்தியால உடைச்சுப் பார்ப்பான். இது அவங்க கப்பல் பீரங்கிக்கு எடுத்தது. நாலு அடி அடிச்சும் வளைஞ்சுதே தவிர லேசில உடையலை. உடைஞ்ச வாயைப் பாருங்க, சிவப்பு. நார் நாரா இருக்கு.”

“மற்றொன்று?”

“உங்க பீரங்கிக்கு எடுத்தது. ஒரே அடி. கண்ணாடி மாதிரி உடைஞ்சு போச்சு. வெள்ளை வெளேர்னு இருக்கு பாருங்க. அதைக் கையில வச்சுக்கிட்டு அவனும் அவங்க கப்பல் தலைவன் கப்பித்தானும் சிரிச்சாங்க. அப்புறம், ‘ஊற்று’ன்னான்.”

வரகுணரின் கை பீரங்கியின் முதுகை விட்டு நழுவியது.

“மணி வெண்கலத்துல ஈயம் கூட. அதனாலதான் நாதம் வருது. அதனாலதான் வெடுக்குன்னு உடையுது. பீரங்கி பாடக் கூடாது மகாராசா. அடி தாங்கணும். மணியைத் தட்டுற மாதிரி இதைத் தட்டிட்டு நீங்க எல்லாரும் கும்பிட்டீங்க.”

“பொய். அவர்கள் போட்ட முதலை அவர்களே பாழாக்குவார்களா?”

“மூன்றாம் ஷரத்தைத் தாங்கள் படித்ததில்லையா?” என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வியில் கரிக்காரியின் பேச்சு இல்லை. “தங்களுக்கு உடன்பிறந்தான் இல்லை. மகன் இல்லை. நாளைக் காலை தங்கள் இடக்கை இதன் முதுகில் இருக்கும். இரண்டாம் ஷரத்தைச் சொல்லி அவர்களை வெளியேற்றச் சேதிராயர் எவரும் இருக்கமாட்டார். மாலையில் கோட்டையைப் பாதுகாக்க அவர்கள் வந்துவிடுவார்கள்.”

“பெண்ணே! நீ யார்?”

“நாளைக்குத் தாங்கள் உயிரோடு இருந்தால் சொல்கிறேன்” என்றவள் துண்டுகளைச் சுவரின் மேல் வைத்துவிட்டுப் படியிறங்கி மறைந்தாள்.

வரகுணர் நேரே தாயின் மாளிகைக்குச் சென்றார். பிரதானி அம்பலவாணரும் அங்கே இருந்தார். துண்டுகளைப் பார்த்ததும் பிரதானியின் முகம் வெளுத்தது. பெருந்தேவியார் அவற்றைத் தொடவும் இல்லை.

“கரி சுமப்பவள் வந்து கதை சொன்னாளாம், சேதிராயர் கேட்டு நடுங்கினாராம்! அந்த மணி ஒலிக்கத்தான் உன்னைத் தொட்டிலில் இட்டேன், வரகுணா. அது உன்னைக் கொல்லுமா?”

“தாயே, கொல்வது மணியன்று. தெரிந்தும் வாய் திறவாமல் நின்றவர்கள்.”

“அப்படியானால் திரி வைக்காதே. சொல் தவறியவன் என்று கரை முழுக்கப் பேசட்டும். துறையைக் கொடுத்துவிட்டு உப்பளத்தில் கூலிக்குப் போவோம்.”

“அவ்விதம் நடவாது. நான் திரி வைப்பேன். அறிந்தே வைப்பேன் என்பதைத் தங்களிடம் சொல்லிவிட்டுப் போகவே வந்தேன்.”

மகன் வணங்கிச் சென்ற பிறகு அந்த அம்மையார் செய்ததைப் பிரதானி பிற்காலத்தில் சொன்னதுண்டு. துண்டுகள் இரண்டும் பீடத்தின் மேலேயே கிடந்தன. வெள்ளைத் துண்டை அவர் கடைசியில் எடுத்து, தரையில் இருந்த குத்துவிளக்கின் தண்டில் ஒருமுறை தட்டினாராம். அது மெல்லிதாக ஒலித்ததாம்.

மறுநாள் வானம் மூட்டமாக விடிந்தது. கொத்தளத்தின் கீழே ஊர் திரண்டிருந்தது. கடற்கரை வணிகர்களான செட்டிமார்களும் மரக்காயர்களும் அரபு நாட்டுக் கப்பல் தலைவர்களான நாகுதாக்களும் செப்பேட்டின்படி சாட்சிகளாக அழைக்கப்பட்டுத் தனியே அமர்ந்திருந்தார்கள். பீரங்கிக்கு முப்பதடி பின்னால் ஒரு கல்மதில். அதன் மறுபக்கம் பெருந்தேவியாரின் மூடுபல்லக்கு இறக்கப்பட்டிருந்தது.

கப்பித்தான் ஒன்பது ஆண்டுகளாகத் துறையில் இருந்து தமிழ் பழகியவன். சிவந்த முகத்தில் புன்னகையோடு வணங்கினான்.

“நல்ல நாள், சேதிராயரே. மழை வருமுன் முடித்துவிடலாம்.”

“முடிக்கலாம். ஆனால் ஒரு விருப்பம், கப்பித்தானே. இந்தப் பீரங்கி உங்கள் முதலும் எங்கள் மண்ணும் சேர்ந்து பெற்ற பிள்ளை. நீங்களும் என் அருகில் நின்று அதன் முதுகில் ஒரு கை வையுங்கள். எங்கள் விருந்தினருக்கு நாங்கள் தரும் மரியாதை.”

கூட்டம் ஆரவாரித்தது. கப்பித்தானின் புன்னகை அப்படியே இருந்தது; முகத்தின் சிவப்பு மட்டும் இறங்கியது.

“அந்த மரியாதைக்கு நான் தகுந்தவன் அல்லன். உங்கள் குலத்தார் கைதானே வேண்டும் என்று எழுதியிருக்கிறது?”

“வார்ப்பாசானாவது வரட்டும். பெற்றவன் அவன்.”

வார்ப்பாசான் அங்கே இல்லை. அவன் எப்போதோ கல்மதிலுக்குப் பின்னால் போய்விட்டான். கப்பித்தானும் ஓரடி, ஈரடி என்று பின்வாங்கி மதிலின் மூலைக்கு வந்து சேர்ந்தான். மூடுபல்லக்கின் திரைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அதைப் பார்த்தன.

திரை விலகியது. பெருந்தேவியார் இறங்கினார். வெண்பட்டு உடுத்து, ஓர் அணிகலனும் இன்றி, நிமிர்ந்த தலையோடு பீரங்கியை நோக்கி நடந்தார். பகலில் பலர் முன்னே அவர் நடந்து வந்ததை அந்த ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. எரியும் திரிக்கோலை ஏந்தி நின்ற மகனின் அருகே வந்து நின்றார்.

“வரகுணா, உன் தந்தையின் வாள் எங்கே?”

“அரண்மனையில், தாயே.”

“அரண்மனையில் இல்லை. பல்லக்கில் கொண்டு வந்திருக்கிறேன். வாள் இல்லாத இடுப்போடு திரி வைத்த சேதிராயன் உண்டா? போய் எடுத்துக் கட்டிக்கொண்டு வா. கோலை இப்படிக் கொடு. அதுவரை பிடித்திருக்கிறேன்.”

“தாயே...”

“என் மணியைக் குறை சொல்வதை நான் கேட்க மாட்டேன். போ, அப்பா.”

இருபத்தாறு வயது அரசருக்கு அந்தக் குரல் ஆறு வயதில் கேட்ட குரலாகவே இருந்தது. கோலைக் கொடுத்துவிட்டு நடந்தார். மதிலைத் தாண்டிப் பல்லக்கின் திரையைத் தூக்கினார். உள்ளே வாள் இல்லை. மெத்தையின் மேல் மூக்குத்தியும் மோதிரங்களும் ஒரு பட்டுத் துணியில் முடிந்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் இரண்டு உலோகத் துண்டுகள்.

“அம்மா!” என்று அலறினார் வரகுணர்.

அவருக்கு முன்னே கப்பித்தான் அலறினான். “வேண்டாம் அம்மா! கையை எடுங்கள்! இன்று வேண்டாம், வேறு பீரங்கி வார்த்துத் தருகிறோம்!”

அந்தக் கூச்சல் சாட்சிகள் அனைவரின் காதிலும் விழுந்தது. பெருந்தேவியார் திரும்பி அவனைப் பார்த்தார். இடக்கை பீரங்கியின் முதுகில் இருந்தது. “இந்தக் குலத்தில் மணம் புரிந்து வந்தவள் நான்” என்றார். “செப்பேட்டில் எழுதியிருக்கிறது. எழுதியவர் என் கணவர்.”

திரி இறங்கியது.

அந்த ஓசையை எப்படி வருணிப்பது? ஆயிரம் மணிகள் ஒருசேர உடைந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது என்றார்கள் கேட்டவர்கள். புகை கலைந்தபோது பீரங்கி இருந்த இடத்தில் சக்கரங்கள் மட்டும் கிடந்தன. கல்மதில் முழுவதும் வெள்ளை வெளேரென்ற சில்லுகள் பதிந்திருந்தன. அதற்கு மேல் எழுதுவது அந்தக் குலத்துக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

பிரதானி அம்பலவாணர் செப்பேட்டை எடுத்து, சாட்சிகள் முன்னிலையில் இரண்டாம் ஷரத்தைப் படித்தார். குரல் இரண்டிடத்தில் நின்றது. ஆனாலும் முழுவதும் படித்தார்.

“கும்பினியின் மூன்று கப்பல்களில் எழுபது பீரங்கிகள் இருக்கின்றன, பிரதானியாரே” என்றான் கப்பித்தான் தாழ்ந்த குரலில்.

அரபு நாகுதா ஒருவர் எழுந்தார். “இருக்கட்டும். இன்று நீங்கள் போட்ட கூச்சலை நாங்கள் கேட்டோம். எழுதிக் கையொப்பமிட்ட ஏட்டை மீறினீர்கள் என்ற சேதியும் அதோடு சேர்ந்தால், மலாக்காவிலிருந்து மஸ்கத்து வரை எந்தத் துறையில் உங்களுக்கு மிளகு நிறுப்பார்கள்?”

கப்பித்தான் கூட்டத்தை ஒருமுறை பார்த்தான். கடலின் ஏற்றநீர் வடியும் முன்பே படகில் ஏறினான். வென்றது யார் என்று கேட்டால், வாசகர்களே, எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. மாலைக்குள் அந்த மூன்று கப்பல்களும் வடக்கே திரும்பி நெடுவயல் துறையில் நங்கூரமிட்டன.

தாயின் சிதையை மூட்டிவிட்டு, ஈரத் துணியோடு வரகுணர் ஆற்றங்கரையில் தனியே நின்றார். இருள் கவியத் தொடங்கியிருந்தது. நீர்விளிம்பில் ஒரு சிறு தோணி. அதனருகே அந்தப் பெண். முகத்தைக் கழுவியிருந்தாள். கரி நீங்கிய நெற்றியில், மழவராயர் குலப் பெண்களுக்குச் சிறுவயதில் குத்தப்படும் பிறைப் பச்சை தெளிவாகத் தெரிந்தது.

வரகுணர் அந்தப் பிறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் பெயர் உலகுடையாள். நெடுவயல் மழவராயரின் மகள்” என்றாள் அவள். “சென்ற ஆண்டு என் அண்ணன் குதிரையிலிருந்து விழுந்து இறந்ததாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குதிரையும் இல்லை, விழவும் இல்லை. எங்கள் கொத்தளத்தில் பரங்கியர் வார்த்த பீரங்கிக்கு முதல் திரி வைத்தான். எங்கள் கோயில் வெண்கலமும் அதை வார்த்த உலையில் கிடந்தது. பரங்கியை நம்பி ஏமாந்தோம் என்று சொல்ல எங்கள் வீட்டு மானம் இடம் தரவில்லை. குதிரை என்று சொல்லிவிட்டோம். அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் உங்கள் தாயார் மணியைக் கொடுத்திருக்க மாட்டார்.”

“நீ இங்கே வந்தது?”

“வேவு பார்க்க. எங்கள் பீரங்கி ஏன் சிதறியது, உங்களுடையது எப்படி நிற்கப்போகிறது என்று அறிய வந்தேன். உங்கள் மணி உலையில் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன், சேதிராயரே. துண்டு உடைந்ததையும் அன்றே பார்த்தேன். பகைவன் வீட்டுப் பிள்ளையும் சாகட்டும் என்று நாற்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.” அவள் தோணியின் கயிற்றை அவிழ்த்தாள். “பிறகு முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று கேட்காதீர்கள். நேற்று வந்தேன். நாற்பது நாள் முன்னால் வந்திருந்தால் உருக்கி வார்த்திருக்கலாம்.”

வரகுணர் அவள் மேல் கையை ஓங்கவில்லை. அவளை நெருங்கவும் இல்லை.

“இப்போது எங்கே போகிறாய்?”

“தந்தையின் கோட்டைக்கு. வார்ப்பாசான் அங்கேதான் இறங்கியிருக்கிறான். எங்கள் துறை ஏற்கெனவே அவர்கள் பாதுகாப்பில் இருக்கிறது; இனி வார்ப்பவை உங்களைச் சுடுவதற்கு. அவற்றில் மணி வெண்கலம் கலக்க மாட்டார்கள். அந்த நிறுக்கும் அறைக்குள் நான் போவேன். கரி சுமந்தவளின் முகத்தை இதுவரை எந்தப் பரங்கியும் நிமிர்ந்து பார்த்ததில்லை. மழவராயர் மகள் உள்ளே வந்து வேடிக்கை பார்த்தால் தடுக்கவும் மாட்டார்கள்.”

“அறிந்த பிறகு?”

“செம்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்பது உங்கள் கரைக்கு வந்து சேரும். என் கரைக்கும் அதுவே. என் தந்தை அதைத் துரோகம் என்பார்.”

வரகுணர் மடியிலிருந்து இரண்டு துண்டுகளையும் எடுத்தார். சிவந்ததை அவள் கையில் வைத்தார். வெள்ளையைத் தம் கையில் மூடிக்கொண்டார்.

“உன்னை மன்னித்தேன் என்று சொல்ல இன்று என்னால் முடியவில்லை, உலகுடையாளே. போகாதே என்று சொல்லவும் முடியவில்லை. ஆனால் இதைக் கேட்டுவிட்டுப் போ. என் தாய் மேல் ஆணை. நிறுப்பது முதல் ஊற்றுவது வரை நம்மவர் கை ஒவ்வொன்றும் அறிந்து வார்த்த பீரங்கி இந்தக் கொத்தளத்தில் முழங்கும் வரை, சங்குமுனையில் எந்த மணியும் ஒலிக்காது. கோயிலிலும் ஒலிக்காது. என் மாளிகையிலும் ஒலிக்காது. அன்றைக்கு என் இடக்கை அதன் முதுகில் இருக்கும்.”

“மற்றொரு கையும் இருக்கும்” என்றாள் அவள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாராமல் தோணியைத் தள்ளி ஏறினாள்.

துடுப்பின் ஓசை தேய்ந்தது. சிதையின் புகை ஆற்றின் மேல் தாழ்ந்து வடகரையை மறைத்தது. கோட்டைக்குள் அந்திப் பூசையின் வேளை வந்தது. அர்ச்சகர் நாற்பது நாளாகியும் மாறாத பழக்கத்தால் மணிக்கயிற்றை நோக்கிக் கையை உயர்த்தினார். கயிறு மட்டும் தொங்கியது, மணி இல்லை. அவர் கையை இறக்கிக்கொண்டு, ஓசையின்றித் தீபத்தை ஏற்றினார்.